மாமியாருக்கு ஏரி மீன்

கார்த்திகை மாதத்தில் ஏரியில் நாலு மீன் பிடித்துவிட்டு, தனக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறவனைத் திருத்தவே முடியாது. அந்த மாதத்தில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்து ஓடும். தண்ணீர் விழுகிற இடத்தில் மீன்கள் எதிர்த்து ஏறப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருக்கும். கொசுவலையை விரித்துப் பிடிக்கலாம், லுங்கியை விரித்துப் பிடிக்கலாம், ஒன்றும் விரிக்காமல் சும்மா நின்றால் காலில் வந்து மோதும். அதைப் போய்த் திறமை என்று நம்பி, ஆறு மாதம் அந்த நம்பிக்கையிலேயே வாழ்ந்த ஒரு மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவன் முகத்துக்குத்தான் நான் சவரம் செய்கிறேன்.

இத்தனைக்கும் நான் திருப்பாச்சூர்க்காரன். எங்கள் நிலத்துக்குத் தண்ணீரே அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஏரியை மதகுப் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்ப்போம். தண்ணீர் வருகிறதா, வரவில்லையா? அதோடு சரி. உள்ளே என்ன நீந்துகிறது என்பது எங்கள் குடும்பத்தின் கவலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

அது கவலையானது என் கல்யாணத்துக்குப் பிறகு.

தேவியை நான் பார்த்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். கார்களுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. நான் க்வாலிட்டி, அவள் லேப். அவளுடைய ஊர் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பம். அப்பா ஏரியில், அதாவது உப்பு ஏரியில், படகு வைத்து மீன் பிடிக்கிறவர். கல்யாணப் பேச்சை எடுத்ததும் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அவர்கள் வீட்டில் எல்லோரும் பேசினார்கள். (எது அதிகப் பயம் தந்தது என்று இன்று வரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.) ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. என் அப்பா ஏகாம்பரம் வந்தார், அட்சதை போட்டார், பந்தியில் மட்டும் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்றார். அந்த வயிறு அடுத்த இரண்டு வருஷமும் சரியாகவில்லை. மாமனார் வீட்டாரோடு சாப்பிடுகிற மாதிரி எது வந்தாலும் அவருக்கு வயிறு வலித்தது.

நாங்கள் மணவாள நகரில் வாடகைக்குக் குடியேறினோம். மாமியார் வரும்போதெல்லாம் ஒரு தெர்மாகோல் பெட்டி வரும். திறந்தால் இறால், நண்டு, மடவை. கடலோரத்து ஆட்கள் நல்ல தண்ணீர் ஏரி மீனை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை எங்கள் பிரிட்ஜைத் திறந்தவர், உள்ளே ஒரு பையில் நான் வாங்கி வைத்திருந்த ஜிலேபி மீனைப் பார்த்தார். யாரோ குளித்துக்கொண்டிருக்கும்போது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டவர் போல மெதுவாக மூடினார். பிறகு மகளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்.

"ஏண்டி, மாப்ளைக்கு இந்த மாசம் சம்பளம் வர்லியா?"

அன்றைக்குத்தான் எனக்குள் அந்த வைராக்கியம் பிறந்தது. ஏரி மீனை, அதுவும் நானே பிடித்த ஏரி மீனை, இந்த அம்மாவைச் சாப்பிட வைத்து, நல்லா இருக்கு என்று சொல்ல வைக்க வேண்டும்.

கம்பெனியில் பாபு என்று ஒரு நண்பன், ஆந்திரா எல்லையில் தடாவிலிருந்து வருகிறவன். தன்னிடமிருந்த பழைய தூண்டிலை என் தலையில் கட்டினான். "நைனா, ஏரி மீனு ரொம்ப சிம்பிள். முள்ளுல பூவப் போட்டு உட்டா மாட்டும்" என்றான். பூ இல்லை, புழு. அவன் தமிழ் அப்படி. நான் இரண்டு நாள் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது முறை போனபோது கார்த்திகை. கலங்கல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்தது. தூண்டிலைப் போட்டேன், மீன் வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. வாளி நிறைந்தது. ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகப் படம் எடுத்து மாமனார் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாமனார் கட்டை விரலை உயர்த்தினார். மச்சான் முருகன் மட்டும், இது எந்தக் கடை என்று கேட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏரி என்பது ஒரே ஏரி இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மார்கழி வந்ததும் தண்ணீர் தெளிந்து, குளிர்ந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் ஆழத்துக்குப் போய் எதையும் தின்னாமல் கிடந்தன. நான் கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தக்கை எப்போது அமிழும் என்று வெறித்தபடி உட்கார்ந்திருந்தேன். குறை என் மேல் இருக்க முடியாது என்பதால், தூண்டில் நரம்பு தடிமன் என்று முடிவு செய்து மெல்லிய நரம்பு வாங்கினேன். மாசியில் காற்று மாறி, ஆகாயத்தாமரை மொத்தமும் நான் உட்காரும் கரைக்கு வந்து ஒதுங்கியது. அந்த மாதம் நான் கிலோ கணக்கில் பிடித்தேன். எல்லாம் செடி. பங்குனியில் கொஞ்சம் வெயில் ஏறி, காலை நேரத்தில் நாலைந்து சின்ன மீன் மாட்டியது. மனம் தளர்ந்திருந்தவனுக்கு அதுதான் வினையாகப் போனது. விட்ட இடத்திலிருந்து கர்வத்தைத் தொடர்ந்தேன்.

சித்திரையில் குப்பத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்த தெம்பில், எல்லோர் முன்னாலும் அழைப்பு விடுத்தேன். வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். என் அப்பா அம்மாவும் வருவார்கள். பெட்டி வேண்டாம், மீன் என் பொறுப்பு.

மாமியார் தன் மகளைப் பார்த்தார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் 'எத்தனை நாளா இப்படி?' என்று கேட்போமே, அந்தப் பார்வை. மாமனார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி இப்ப எப்டி கீது மாப்ள?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன். கம்பெனியில் ஆடிட் இருந்ததால் நான் ஏரிப்பக்கம் போயே வெகு நாளாகியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது, பெரியபாளையம் தாண்டியதும் தேவி சொன்னாள்: "உங்க அப்பா ரெண்டு வருசம் கழிச்சி எங்க ஆளுங்களோட ஒக்காந்து துன்னப் போறாரு. அன்னிக்கினு பாத்து நீ மீன் புடிக்கிறியா?" (தனியாக இருந்தால் 'நீ'. பெரியவர்கள் இருந்தால் 'நீங்க'. 'நீங்க' வந்தால்தான் நான் பயப்படுவேன்.) அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதிக்க வைக்க என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் மீன் என் கையால் வர வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெச்சிக்கொள்வார்கள் என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாபு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் போன் அணைந்திருந்தது. ஏரிக்கரையில் ஏறி நின்று பார்த்தவனுக்கு, தப்பான ஏரிக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த இடத்தில் கிரிக்கெட் பிட்ச் போட்டிருந்தார்கள். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரொம்ப தூரத்தில், நடு ஏரியில், பாசிப்பயறு அரைத்துக் கரைத்த மாதிரி பச்சையாக ஒரு குட்டை. மிச்சமிருந்த தண்ணீர் அவ்வளவுதான்.

நடந்தேன். கிட்டே போனதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குட்டை முழுக்க மீன். தண்ணீருக்கு மேலே நூற்றுக்கணக்கான வாய்கள், திறந்து மூடித் திறந்து மூடி. பசியில் வாடுகின்றன என்று நினைத்தேன். ஏரி முழுக்க இருந்த மீனெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, வாயையும் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கின்றன. இதைவிட வேறென்ன வேண்டும்?

புழுவைப் போட்டேன். ஒரு மீனின் வாயருகிலேயே விழுந்தது. அது கொஞ்சம் நகர்ந்துகொண்டது. மைதா உருண்டை போட்டேன். கடலைப் புண்ணாக்கு போட்டேன். நாஷ்டாவுக்கு வைத்திருந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டேன். பிஸ்கட் போட்டேன். எதையும் சீண்டவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட மாட்டேன் என்கிற பிராணியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தேவிக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன்.

"தண்ணில காத்து இல்லாம மூச்சு வாங்கிகினு மேல வந்துகீது. அதுங்களுக்கு இப்ப பரோட்டாவா முக்கியம்?" என்றாள். பேசாமல் திருவள்ளூர் மார்க்கெட்டுக்குப் போய் எதையாவது வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். அவர்கள் வேன் பொன்னேரி தாண்டிவிட்டதாம். நான் போனைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டேன். மார்க்கெட்டுக்குப் போக என் மானம் இடம் தரவில்லை.

குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு முனையில் மீன்கள் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தன. சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும். நடுவில் ஒரு துண்டு நிலம், மேலே வெடிப்பு விட்டுக் காய்ந்த மாதிரி இருந்தது. முதல் அடி தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவதற்கு வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. அதை இழுப்பதற்காக இடது காலை ஊன்றினேன். ஒரு காலோடு போயிருக்க வேண்டியது. இன்னும் பலமாக உதைத்தேன். உதைக்க உதைக்க, யாரோ கீழேயிருந்து சந்தோஷமாக இழுத்துக்கொள்கிற மாதிரி, இடுப்பு வரை போய் நின்றேன்.

நின்றேன் என்பதுதான் சரியான வார்த்தை. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போகவில்லை. சிமெண்டில் நட்ட கம்பம் மாதிரி, கையில் தூண்டிலோடு, மூச்சு வாங்கும் மீன்களுக்கு எதிரே நானும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தேன். அப்போது சேற்றுக்குள் என் போன் அதிர ஆரம்பித்தது. சத்தம் கேட்கவில்லை, தொடையில் மட்டும் தெரிந்தது. தேவி. எடுக்க வழியில்லை. அவள் விடாமல் என் தொடையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

கிரிக்கெட் ஆட வந்த உள்ளூர் ஆட்கள்தான் முதலில் பார்த்தார்கள். எல்லாரும் கல்யாணமாகிக் குடும்பத்தோடு இருப்பவர்கள், விவரமானவர்கள். அந்த விவரம்தான் தொல்லை. ஒருவர் ஆடாமல் நில்லு என்றார். இன்னொருவர் ஆடினால்தான் சேறு இளகும் என்றார். மூன்றாமவர் படுத்துக்கொள்ளச் சொன்னார். நாலாமவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். அதற்குள் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, இது நம்ம ஏகாம்பரத்தின் பிள்ளை அல்லவா, அவருக்குப் போன் போடு என்றார். யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், அப்பாவுக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். போட்டுவிட்டார்கள்.

அப்பா வருகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று அவர்களில் ஒருவர் கெட்டித் தரையில் நின்றபடி கையை நீட்டினார்.

"தூண்டிலு சும்மாதான கீது? குடு, நான் புடிச்சிகினு இருக்கேன்."

கொடுத்தேன். அவர் நான் போட்ட அதே புழுவை, அதே குட்டையில், முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போட்டார். முழங்கை நீளத்துக்கு ஒரு கெளுத்தி வந்தது. அன்றைக்கு நான் அழாமல் இருந்ததற்கு ஒரே காரணம், கண்ணைத் துடைக்கிற கையில் சேறு இருந்ததுதான்.

அப்பா டிராக்டரோடு வந்தார். விருந்துக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, தோளில் தடித்த கயிறு. அவர் கரையிலிருந்து இறங்குவதற்கும், பின்னாலேயே மாமனார் வீட்டு வேன் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. நான் போனை எடுக்காததால், தேவி அவர்களை நேராக ஏரிக்கே அழைத்து வந்துவிட்டாள். மாமியார் பட்டுப்புடவையில் கரைமேல் நின்று, கைகளைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நடு ஏரியைப் பார்த்தார். தேவி கூப்பிட்ட குரல் அங்கிருந்தே கேட்டது. 'நீங்க' என்று ஆரம்பித்தாள்.

அப்பா கயிற்றில் சுருக்குப் போட்டு என் பக்கம் வீசி, அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளச் சொன்னார். மறு முனையை டிராக்டரில் கட்டப் போனார். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அப்டி இஸ்தா பாதி மாப்ளதான் வருவாரு."

அப்பா கயிற்றைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், என் மேல்பாதியைப் பார்த்தார். அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தவர் போலத் தெரிந்தது. பிறகு திரும்பி, "அப்ப இன்னா பண்ணலாம் சம்பந்தி?" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல்முறை. கரையில் என் அம்மா இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். எனக்கு நெகிழ வசதிப்படவில்லை.

அகலமாக ஏதாவது வேண்டும் என்றார் மாமனார். டிராக்டரில் இரண்டு பலகை இருந்தது. போதாது என்றார். முருகன் வேனுக்கு ஓடிப்போய், பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியின் உள்பக்கம் ஐஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே கொஞ்சம் இறால் மீசை.

பெட்டி வேண்டாம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தேன். கரைமேல் இருந்த மாமியாரைப் பார்த்தேன். அவர் சட்டென்று வானத்தைப் பார்த்தார், மழை வருமா என்பது போல.

மாமனார் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, என் காலை ஒட்டி இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினார். அப்பா குட்டையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் ஊற்றினார். ஒருவர் நிறுத்து என்றால் மற்றவர் நிறுத்தினார். ஊற்று என்றால் ஊற்றினார். என்னை ஒரு பொருட்டாகவே அவர்கள் நினைக்கவில்லை. இடையில் ஏரியைத் தூர் வாராதது பற்றி அப்பா புகார் சொன்னார். பழவேற்காட்டில் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடப்பதைப் பற்றி மாமனார் புகார் சொன்னார். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். கடைசியில் மெதுவாக என்னை மூடியின் மேல் சாய்த்து, ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தார்கள். பெரிய சத்தத்தோடு வெளியே வந்தேன். நான் மட்டும் வந்தேன். பேன்ட் வரவில்லை. போனும் அதோடு தங்கிவிட்டது.

கரைமேல் மாமியார் அவசரமாகத் திருப்பாச்சூர் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா தன் துண்டைக் கொடுத்தார். மாமனார் கைச்சேற்றை வழித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கோடையில விராலு இப்டித்தான் சேத்துக்குள்ள போயி படுத்துக்கும். மய பேஞ்சாத்தான் வெளிய வரும். நாம கொஞ்சம் முன்னாடியே வந்துட்டோம்."

அப்பா சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். எழுந்து நின்று, கயிற்றைச் சுற்றிக்கொண்டு மறுபடி சிரித்தார். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் துண்டோடு நிற்கிறவனுக்கு அதெல்லாம் உடனே தோன்றாது.

வீட்டில் நண்டும் இறாலும் கொதித்தன. அப்பாவும் மாமனாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் வயிறு அன்று அபாரமாக இருந்தது. நண்டை எப்படி உடைப்பது என்று மாமனார் காட்டக் காட்ட, அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தில் கவனமாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள் வந்தது. கெளுத்தி பிடித்த மனிதர், தூண்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். தூண்டில் என்னுடையது என்பதால் மீனும் என்னுடையதுதான் என்று நியாயம் பேசி, கெளுத்தியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமியார் அதை வாங்கினார். ஒன்றும் சொல்லாமல் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மிளகாய் தடவிப் பொரித்தார். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். இத்தனை மாதமாக நான் காத்திருந்த நிமிஷம். மெதுவாக மென்றார். காற்றை ஒருமுறை முகர்ந்தார். என் பக்கம் திரும்பி இன்னொரு முறை முகர்ந்தார்.

"சேத்து வாசன அடிக்கிது. மீனா, மாப்ளயான்னு தெரியல" என்றார்.

என் அப்பாவுக்குப் புரையேறி, மாமனார்தான் முதுகில் தட்டினார்.

இப்போது இரண்டு சம்பந்திகளுக்கும் வாரம் ஒருமுறை போன் பேசாவிட்டால் தூக்கம் வராது. பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி. குப்பத்தில் எனக்கு 'விரால் மாப்ள' என்றே பெயர் நிலைத்துவிட்டது. போன திருவிழாவில் மைக்கில் கூட அப்படித்தான் அறிவித்தார்கள். பங்குனி முடிந்து ஏரி உள்வாங்க ஆரம்பித்தால், அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டுச் சம்பந்திக்குச் செய்தி சொல்லுவார். அன்றைக்குள் மாமியாரிடமிருந்து தேவிக்குப் போன் வரும்.

"தண்ணி வத்திகினு வருதாமே. மாப்ள ஊட்ல கீறாரா, சேத்துக்குள்ள பூட்டாரா?"

அதற்குத் தேவி பதில் சொல்ல மாட்டாள். போனை என் பக்கம் நீட்டுவாள். நான் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து வாங்கி, ஊட்லதான் கீறேன் அத்தை என்று என் குரலிலேயே சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மாமியார் போனை வைப்பார்.